பசிக்கிறது என்று சொல்லாதவர்கள்: உபதேசியாரிடம் கேள்வி பதில்

தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) 23 வருடமாக உபதேசியாராக, அதாவது மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவராக இருக்கிறேன். செவ்வாய்தோறும் அந்தோனியார் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் மதியச் சாப்பாடு போடும் பொறுப்பும் என்னுடையது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான இந்தத் தவக்காலத்தில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காரைக்குடியில் தங்கச்சி கல்யாணம். 600 இலைக்குச் சொல்லியிருக்கிறோம். மிஞ்சுவதை உங்களிடம் கொண்டுவந்து தரலாமா ஐயா?

தாருங்கள் தம்பி, ஆனால் மணி பார்த்துத் தாருங்கள். பொதுவாக எங்களுக்குப் போன் வருவது சாயங்காலம் ஐந்து மணிக்கு, அண்டாவைக் கழுவ எடுக்கும்போதுதான். பதினொரு மணிக்கு வடித்த சோறு நம் ஊர் வெயிலில் ஆறு மணி நேரம் கிடந்தால் அதில் கிருமி பெருகிவிடும். அது விடும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டும் குருமாவும் அதற்கும் முன்னால் கெட்டுப்போகும். ஒரு தடவை மனசு கேட்காமல் அப்படி வாங்கிப் பரிமாறினேன். இரண்டு பெரியவர்களுக்கு ராத்திரி முழுக்க வயிற்றோட்டம். ஆஸ்பத்திரித் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். வீணாகிவிடுமே என்று சோற்றுக்காகக் கவலைப்பட்டேனே தவிர, சாப்பிடுகிறவர்களை நினைக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அதனால் சமையல் செய்யும் தவசிப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் பந்திக்கு முன்பே, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு 40 பேருக்குத் தனியாக எடுத்து வைக்கட்டும். நான் ஆள் அனுப்புகிறேன். விவிலியத்தில் லேவியர் 23ஆம் அதிகாரத்தில் கடவுள் சொல்வது இதுதான்: வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. களத்துமேட்டில் தூற்றி, மூட்டை கட்டி, பத்தாயத்தில் கொட்டிய பிறகு மிஞ்சுவதை அவர் கேட்கவில்லை. அறுக்கும்போதே விட்டுவிடச் சொல்கிறார். மோவாபியப் பெண் ரூத்து மாமியாரைக் காப்பாற்றியது அப்படி விட்ட கதிரில்தான்.

சாப்பிட வருகிறவர்களில் ஒருவர் குடித்துவிட்டு வருகிறார். உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்று பவுலடியாரே சொல்லியிருக்கிறாரே?

சொன்னார், தெசலோனிக்கர் இரண்டாம் திருமுகத்தில். உலக முடிவு வந்துவிட்டது என்று கைகட்டி உட்கார்ந்திருந்த சபை ஆட்களுக்குச் சொன்னது அது. 'மனமில்லாதவர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகாத வருடம் மனமிருந்தும் வேலை கிடைக்காது. குடிக்கிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள், அதில் நான் கண்டிப்பு. சோற்றை மறுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடும் வரை பேச்சுக் கொடுங்கள். மத்தேயு 25இல் “நான் பசியாய் இருந்தேன்” என்கிறாரே ஆண்டவர், பசி எதனால் வந்தது என்று அங்கே ஒரு விசாரணையும் இல்லை.

சோறு போட்டு மதம் மாற்றுகிறீர்கள் என்று என் அலுவலகத்தில் பேசுகிறார்கள். என்ன சொல்வது?

வாதம் வேண்டாம் அம்மா, ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களை அழைத்து வாருங்கள். எங்கள் பந்தியில் பிரசங்கம் கிடையாது, துண்டுப் பிரசுரம் கிடையாது, பெயரோ சாதியோ கேட்பது கிடையாது. சோற்றைக் காட்டி விசுவாசத்தை வாங்கினால் அது வியாபாரம். ஆண்டவர் சொன்ன கதையில் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சாவடிக்குக் கொண்டுபோய்த் தன் காசைக் கொடுத்தான், அவன் எங்கே கும்பிடுகிறவன் என்று கேட்கவில்லை. இந்தச் சீமையில் கொடுப்பது ஒருவழிப் பாதையாக இருந்ததும் இல்லை. நம் சருகணி தேவாலயத்துக்கு மானியம் விட்டவர்கள் மருதுபாண்டியர்.

பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகப் போகிறார்கள். மோர் கொடுக்கலாமா?

இதற்கு அனுமதி எதற்கு? உப்புக் கூடப் போட்டுக் கொடுங்கள், நடக்கிறவர்களுக்கு அதுதான் தெம்பு.

தவக்கால நோன்புக்காக வெள்ளிக்கிழமை கறி எடுப்பதில்லை. அது போதுமா?

கறிக்குப் பதில் வஞ்சிரம் வாங்கினால் செலவு கூடத்தான் செய்யும். எசாயா 58ஐ ஒரு தடவை வாசியுங்கள். பசித்தோர்க்கு உன் உணவைப் பகிர்ந்து கொடு, அதுதான் நான் விரும்பும் நோன்பு என்கிறார் கடவுள். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வாருங்கள். மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் வேளைக்கு ஒரு பிடி என்று எடுத்து வைத்தே தங்கள் சபையின் பணிகளைத் தாங்கி வருகிறார்கள். இல்லாதவர் வீட்டிலும் இது முடியும்.

சவூதியிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். சாப்பிடுகிறவர்கள் படம் அனுப்பினால் மனதுக்கு நிறைவாக இருக்கும்.

படம் அனுப்ப மாட்டேன் தம்பி, மன்னிக்க வேண்டும். கையில் தட்டோடு நிற்கும் முகம் சொந்தக்காரர் போனில் தெரிந்துவிடும் என்று பயந்து, இரண்டு மாதம் வராமலே இருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கணக்கு அனுப்புகிறேன்: அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, பைசா பாக்கியில்லாமல். எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டிய பவுலும் கணக்கில் பேச்சு வரக்கூடாது என்று சபைகள் தேர்ந்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார். பேரேடு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது, அதில் குறை வைக்க மாட்டோம்.

எங்கள் தெருவில் பெரிய வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில். பல நாள் அடுப்பே எரிவதில்லை போலிருக்கிறது. வசதியான வீடு, சாப்பாடு கொண்டுபோனால் கோபித்துக்கொள்வாரோ? (பள்ளி ஆசிரியை)

டீச்சர், வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். நம் பகுதியில் இன்றைக்குப் பசி என்பது பல வீடுகளில் அரிசி இல்லாததால் வருவதில்லை. தேக்குத்தூண் வரிசை நிற்கும் வளவில், ஒருத்திக்காக எதற்கு உலை வைப்பது என்று பிஸ்கட்டும் காப்பியுமாக நாளைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் வரிசைக்கு வரமாட்டார்கள். பசிக்கிறது என்ற சொல் அவர்கள் வாயில் வராது.

யோவான் நற்செய்தியில் ஆண்டவர் பின்னால் வந்த ஐயாயிரம் பேரில் ஒருவரும் சாப்பாடு கேட்கவில்லை. ஆண்டவரே நிமிர்ந்து பார்த்து, இவர்களுக்கு அப்பம் எங்கே வாங்கலாம் என்று பிலிப்பிடம் கேட்கிறார். நீங்கள் அடுப்பு எரியாததைப் பார்த்தீர்களே, பாதி வேலை அங்கேயே ஆகிவிட்டது.

தூக்குவாளியோடு நேரே போகாதீர்கள், அது அவரைக் குறுகச் செய்யும். சாரிபாத்து ஊரின் ஏழை விதவையிடம் இறைவாக்கினர் எலியா முதலில் கேட்டார்: கொஞ்சம் தண்ணீர், பிறகு ஒரு அப்பம். பசித்த வீட்டில் போய்க் கேட்டு அவளுக்கு ஒரு கௌரவம் கொடுத்தார், பானையில் மாவு குறையவில்லை. நீங்களும் கேட்டுக்கொண்டு போங்கள். பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யும் வாங்கிக்கொண்டு, “ஆச்சி, மாவுருண்டைக்கு எந்தப் பக்குவத்தில் வறுக்கணும், எனக்கு வரவே மாட்டேங்குது” என்று சொல்லுங்கள். அடுப்பைப் பற்றவைக்க அவரே எழுந்திருப்பார். உருண்டை பிடித்ததும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், அவசரமாகக் கிளம்பாதீர்கள்.

அடுத்த நாள் குழம்புக் கிண்ணம் கொண்டுபோனால் அது பதில் மரியாதை, கோபத்துக்கு இடமில்லை. அந்தக் கிண்ணத்தை ஆச்சி வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார். வற்றலோ ஊறுகாயோ எதைப் போட்டுத் தந்தாலும், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள் டீச்சர்.