சந்திரபாபுவின் வீழ்ச்சிக்கு எம்.ஜி.ஆர். தான் காரணமா?

கேள்வி: ஒரு காலத்தில் கதாநாயகர்களுக்கு நிகராக மதிக்கப்பட்ட நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு கடனாளியாக இறந்ததற்கு எம்.ஜி.ஆர். தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. ஆனால் ‘மாடி வீட்டு ஏழை’ என்ற ஒரே படத்தோடு அந்த வாழ்க்கையை முடித்துவிடும் கதை எனக்கு ஒருபோதும் போதுமானதாகத் தோன்றியதில்லை. எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக வைத்துச் சந்திரபாபு தொடங்கிய அந்தப் படம் அவருடைய திகதிகள் கிடைக்காமல் சில நாள் படப்பிடிப்போடு நின்றுபோனது, போட்ட பணம் போனது, கடன் ஏறியது, காரிலேயே மேல்மாடிக்குச் செல்லும்படி சென்னையில் அவர் ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போனது. இவ்வளவும் சரி. இருந்தும் 1966 இல் ‘பறக்கும் பாவை’, 1969 இல் ‘அடிமைப்பெண்’ என எம்.ஜி.ஆர். படங்களிலேயே அவர் தொடர்ந்து நடித்தார் என்பதைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இலங்கையிலிருந்து பார்க்கும் ஒருவனுக்கு வேறொன்றும் கண்ணில் படுகிறது. 1927 இல் தூத்துக்குடியில் பிறந்து, அவ்வூர்ப் பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாஸ் என்று பெயர் சூட்டப்பட்ட அவர், கொழும்பில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவருடைய தந்தை பின்னர் குடும்பத்தோடு இங்கே வர நேர்ந்தது. மகன் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தார். 1943 அளவில் சென்னைக்குத் திரும்பியபோது அவர் கொண்டுபோன சரக்கில் பாதி கொழும்புச் சரக்கு என்பது என் கணிப்பு. மேல்நாட்டுப் பாட்டின் மீதிருந்த காதல், தொப்பியும் கோட்டும், தமிழ்த் திரையில் அதுவரை கேட்டிராத, குரலை உடைத்து உடைத்து மேலே ஏற்றும் யோடலிங், இவையெல்லாம் அந்தச் சரக்கில் அடங்கும். எல்லோரையும் ‘மிஸ்டர்’ என்று அழைக்கும் பழக்கத்தையும் அதில் சேர்த்துக்கொள்வேன். கொழும்பின் அலுவலக உலகில் அது சாதாரண மரியாதை. ‘அண்ணே’, ‘முதலாளி’ என்ற அழைப்புகளின் மீது கட்டப்பட்டிருந்த கோடம்பாக்கத்தில் அதே சொல் திமிராகக் கேட்டிருக்கும்.

துணை நடிகர் ஒருவர் அத்தகைய உலகில் தன்னை யாருக்கும் குறைந்தவராக எண்ணாமல் நடமாடுவது சிறிய விஷயமில்லை. படம் முழுவதும் கதாநாயகனுக்காகவே விற்கப்படுகிறது. துணை நடிகருக்குக் கிடைப்பது சில காட்சிகளும் ஒரு பாட்டும்தான். சந்திரபாபுவோ அந்தச் சில நிமிடங்களால் படங்களைத் தூக்கி நிறுத்தியவர். 1959 இல் ஏவி.எம். தயாரித்த ‘சகோதரி’ தொய்வாக இருக்கிறது என்று கருதப்பட்டபோது, அவரைப் பால்காரராக வைத்துத் தனியே நகைச்சுவைப் பகுதி எடுத்துச் சேர்த்தார்கள். ‘நான் ஒரு முட்டாளுங்க’ அதில் வந்த பாட்டு. அதற்கு முந்திய ஆண்டு வந்த ‘சபாஷ் மீனா’வில் கதாநாயகன் சிவாஜி என்றாலும், இரட்டை வேடமும் படத்தின் கலகலப்பும் சந்திரபாபுவுடையவை. அதில் அவருடைய ரிக்‌ஷாக்காரன் நடக்கும் நடையை மட்டும் பாருங்கள்: மற்ற வேடத்துக்கும் இதற்கும் உடம்பே வேறு.

மட்டக்களப்பில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடம்பின் அருமை விளங்கும். கூத்து ஆடும் இடமான எங்கள் களரியில் வேடமிட்டவர் தானே பாடித் தானே ஆட வேண்டும். சபைக்குள் நுழையும்போது ஆடும் வரவு ஆட்டத்தில் எடுத்து வைக்கும் முதல் அடிகளிலேயே வந்தவர் அரசனா, ஏவலாளா என்று சபைக்குத் தெரிந்துவிடும். இளமையில் வடமோடிக் கூத்து ஆடிய என் பெரியப்பாவுக்குப் பின்னணிக் குரலுக்கு வாயசைப்பவர்கள் மீது பெரிய மதிப்பு இருந்ததில்லை. இலங்கை வானொலியில் ‘குங்குமப் பூவே கொஞ்சும் புறாவே’ போனால் மட்டும், “இவன் ஒருத்தன்தான் மனே நம்மட கூத்துக்காரனப் போல, பாட்டும் இவன்ர, ஆட்டமும் இவன்ர” என்பார். 1954 இல் வெளிவந்த ‘பெண்’ படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்காகச் சந்திரபாபு குரல் கொடுத்திருக்கிறார் என்று நான் பிற்பாடு சொன்னபோது, அதைக் காதில் போட்டுக்கொள்ளவே அவர் மறுத்துவிட்டார்.

வாழ்க்கையின் துயரங்கள் எம்.ஜி.ஆர். கதைக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டன. வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் 1952 இல் ஜெமினி ஸ்டூடியோ வளாகத்தில் தற்கொலைக்கு முயன்று அவர் கைதானார். நீதிமன்றத்தில் தீக்குச்சியால் தன் கையைச் சுட்டுக்கொண்டு, காயத்தை நீங்கள் பார்க்கலாம், வலியை உணர முடியாது என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்லப்படுகிறது. 1958 இல் நடந்த திருமணம் விரைவிலேயே முறிந்தது. மனைவி வேறொருவரை நேசித்ததை அறிந்து அவரே அனுப்பி வைத்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. குடியும் பெத்தடின் என்ற வலிநீக்கி ஊசியின் பழக்கமும் இவற்றுக்குப் பின்னால் வந்தனவா, கூடவே இருந்தனவா என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை.

தொழிலிலும் தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. கண்ணதாசன் தயாரித்து 1960 இல் வெளிவந்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்துக்குச் சந்திரபாபு ஒழுங்காக வராமல் இழுத்தடித்தார். படமும் தோற்றது, கவிஞரும் நட்டப்பட்டார். (இந்தப் படப் பெயர்களை அவருடைய வாழ்க்கையோடு முடிச்சுப் போடுவது எழுதுபவர்களுக்குப் பிடித்த விளையாட்டு, நான் அதற்கு வரவில்லை.) கண்ணதாசனைக் காக்க வைத்தவரே சில ஆண்டுகள் கழித்து எம்.ஜி.ஆரின் திகதிகளுக்காகக் காத்து நின்றார். அதற்குள் நாகேஷ் எழுந்துவிட்டார். 1964 இல் ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ ஆகிய படங்களுக்குப் பிறகு, வேகமும் உடல்மொழியும் வேண்டிய தயாரிப்பாளர்கள் பொழுதோடு படப்பிடிப்புக்கு வரக்கூடிய ஒருவரிடம் போனதில் வியப்பில்லை. 1966 இல் சாவித்திரியோடு நடித்துச் சந்திரபாபு தாமே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படமும் ஓடவில்லை. 1974 மார்ச் 8 இல் இறந்தபோது அவருக்கு 46 வயது. கடைசிவரை உடனிருந்த நண்பர்களில் எம்.எஸ். விஸ்வநாதன் முதன்மையானவர்.

ஆகவே எம்.ஜி.ஆர். கொடுத்தது கடைசி அடிகளில் ஒன்று. ஆனால் அது விழுந்த இடம் ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்தது. படத் தயாரிப்பில் கைப்பணத்தையும் வீட்டையும் வைத்து ஆடிய துணை நடிகர் எவருக்கும் அது நேர்ந்திருக்கும். அவருக்குத் தோல்வியைத் தாங்க, கதாநாயகனுக்கு இருப்பது போல அடுத்த படத்தின் முன்பணம் காத்திருக்கவில்லை.

அவரைப் புதிதாக அறிய விரும்பினால் ‘சபாஷ் மீனா’வை முதலில் பாருங்கள், அடுத்து ‘சகோதரி’. 1962 இல் வந்த ‘அன்னை’யில் ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’ பாட்டைப் படத்தோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. தனியே கேட்கும்போது தத்துவமாகத் தெரிவது, அங்கே அவருடைய முகத்தில் எவ்வளவு இலகுவாக வந்து போகிறது என்று காணலாம். ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ கடைசியாக இருக்கட்டும், அவர் மீது ஓரளவு பிடிப்பு வந்த பிறகு.