படத்துக்குப் பெயர் சொல்லாவிட்டால் மறதி நோயா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை பார்த்த என் அம்மாவுக்கு 74 வயது. மூன்றாம் வகுப்புதான் படித்தார். சேலத்தில் மறதிப் பரிசோதனை செய்தபோது, படம் காட்டிப் பெயர் கேட்டதில் பாதிக்கு மேல் சொல்லவில்லை. டிமென்ஷியாவா?

பதில்: அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். அதே வயதும் அதே படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

இவ்வகையில் பெயர்பெற்ற பாஸ்டன் பரிசோதனையில் 60 கோட்டுப் படங்கள். கட்டில், மரம் என்று தொடங்கி இக்லூ (பனி வீடு), அஸ்பராகஸ் (ஒரு காய்கறி), பீவர் (ஒரு விலங்கு) என்று போகும். அமெரிக்கர்களை மனதில் வைத்துச் செய்தது. அதிலுள்ள பிரெட்சல் (முறுக்கிச் சுட்ட ஒரு தின்பண்டம்) படத்தைப் பார்த்து நம் அம்மாக்கள் 'முறுக்கு' என்றால் அதை மறதி என்று எப்படிச் சொல்வது?

படிப்பு சொல்வளத்தை மட்டும் கூட்டுவதில்லை. வெறும் கோடுகளைப் பொருளாகப் பார்க்கும் பழக்கமே பெரும்பாலும் பள்ளிப் புத்தகத்தில்தான் வருகிறது. போர்ச்சுகலில் செய்த ஆய்வுகளில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிஜப் பொருளைப் பார்த்துச் சரியாகவே பெயர் சொன்னார்கள். கோட்டுப் படத்தில்தான் தடுமாறினார்கள். நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் சோதிக்கும் மோக்கா (MoCA) பரிசோதனையில் 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவது வழக்கம். மூன்றாம் வகுப்புக்கு அந்த ஒன்று போதாது என்பது என் கருத்து.

வயதின் கதை வேறு. 70-ஐத் தாண்டினால் சொல் நாக்கு நுனியில் நிற்கும், வர நேரமாகும். ஆனால் பொருள் இன்னதென்று தெரியும்.

அதனால் எத்தனை தவறு என்பதைவிட எப்படித் தவறினார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அரிவாள்மனைப் படத்துக்கு "அதுதான், காய் நறுக்குவோமே" என்று சொல்லி, "அரி..." என்று எடுத்துக்கொடுத்ததும் பெயரைப் பிடித்துக்கொண்டால், சொல் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். எடுத்துக்கொடுத்தும் வராமல், அது எதற்கு என்பதும் தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டும். துடைப்பத்தைச் 'சீமாறு' என்றால் அது முழுச் சரி. தவறு என்று குறித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அதற்காக, "படிக்காதவர், அப்படித்தான் இருப்பார்" என்று விட்டுவிடவும் வேண்டாம். வீட்டில் நிஜப் பொருள்களையே கையில் கொடுத்துக் கேளுங்கள்: முறம், உலக்கை, கவாத்துக் கத்தி, மிளகுக் கொடி. காலமெல்லாம் புழங்கிய பொருளின் பெயரே போகிறதென்றால், பள்ளிக்கூடம் போகாததைக் காரணம் சொல்ல முடியாது. எப்போதிலிருந்து இப்படி, சமையலிலும் காசுக் கணக்கிலும் தடுமாற்றம் உண்டா என்று குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், கண்புரை இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் மனச்சோர்வு உண்டா என்பதும் அவசியம். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் 6 மாதமோ ஓராண்டோ கழித்து அதே பரிசோதனையை மறுபடி செய்து, அம்மாவின் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.