குட்டையில் பிழைத்த கொடுவா கூண்டுக்குத் தாய்மீன் ஆகுமா?

கேள்வி: தொண்டி அருகே உவர்நீர்க் குட்டையிலும் பாக் விரிகுடாவில் மிதவைக் கூண்டிலும் ஒரே பொரிப்பகத்தின் கொடுவாக் குஞ்சுகளை விட்டேன். கூண்டில் புண் வந்து பாதிக்குமேல் இறந்தன; குட்டையில் சேதம் இல்லை. குட்டை மீன்களைத் தாய்மீனாக வைத்து, நோய் தாங்கும் குஞ்சுகளை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அவை நோயை எதிர்த்து நின்றனவா, நோயையே சந்திக்கவில்லையா என்பது உயிரோடு இருப்பதை மட்டும் வைத்துத் தெரியாது. கூண்டில் வலை உரசிய காயத்தின் வழியே விப்ரியோ பாக்டீரியா புகும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது உரசல் இன்னும் கூடும். குட்டை மீனுக்குச் சோதனை வேறு: ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவு சட்டென இறங்குவதை அது தாங்க வேண்டும்.

ஓரிடத்தில் முந்தும் மீன் குடும்பம் (ஒரே பெற்றோரின் குஞ்சுகள்) வேறிடத்தில் பின்தங்கக்கூடும் என்பதால், இனத்தேர்வு செய்வோர் ஒவ்வொரு பெற்றோரின் குஞ்சுகளையும் அடையாளமிட்டு, குட்டையிலும் கூண்டிலும் பிரித்து வளர்த்து, இன்னொரு பகுதியை ஆய்வகத்தில் கிருமிக்கு உட்படுத்தி, அதில் நன்கு தாங்கிய குடும்பத்தின் கிருமி படாத உடன்பிறப்புகளையே தாய்மீனாக எடுப்பார்கள். இரு இடங்களிலும் குடும்பங்களின் வரிசை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒரே வழி, அதாவது தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஒரே பரம்பரை, போதும். தலைகீழானால் கூண்டுக்கெனத் தனி வழி வேண்டும். புவனேசுவரத்தில் 1992இல் தொடங்கிய ரோகு என்னும் நன்னீர்க் கெண்டையின் தேர்வு 'ஜெயந்தி' ரோகுவாக வெளிவர 1997 ஆயிற்று; அதுவும் முதலில் வளர்ச்சிக்கான தேர்வே. மண்டபத்தில் 2010இல் கடல்விரால் (கோபியா) குஞ்சு பொரித்தது பெரிய சாதனைதான், ஆனால் பொரிக்கவைப்பது வேறு, நோய் தாங்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது வேறு.

கொடுவாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும்; அதுவரை முட்டைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு குட்டையின் மீன்கள் பலவும் உடன்பிறப்புகளாக இருக்கலாம் என்பதால் நெருங்கிய உறவில் இனம் சேர்ந்து தலைமுறை நலியும். நரம்பு நசிவு வைரஸைத் தாங்கிப் பிழைத்த மீன், வெளியே நலமாகத் தெரிந்தபடியே முட்டை வழியாகக் குஞ்சுக்கு அதைக் கடத்தவும் கூடும்.

இப்போதைக்கு, அந்த வைரஸ் இல்லை எனப் பி.சி.ஆர் என்னும் மரபணுச் சோதனையில் தெரிந்த குஞ்சுகளையே வாங்குங்கள். கூண்டில் அடர்த்தியைக் குறைத்து, வலையில் படியும் பாசியையும் சிப்பியையும் அடிக்கடி அகற்றுங்கள். எந்த இனத்தேர்வும் கிழிந்த வலைக்கு மாற்றாகாது. அடுத்த முறை மீன் இறந்தால், இறந்தவற்றிலும் பிழைத்தவற்றிலும் துடுப்பில் சிறு துண்டு வெட்டி, தனித்தனிக் குப்பியில் ஆல்கஹாலில் இட்டு, தேதியும் உப்பளவும் எழுதி அந்தப் பொரிப்பகத்திடம் கொடுங்கள். தாய்மீன்களின் மரபணு மாதிரியை அவர்கள் வைத்திருந்தால், எந்தப் பெற்றோரின் குஞ்சுகள் கூண்டில் நின்றன என்பதை அதைக் கொண்டு கண்டறிய முடியும்.