மிளகாய் விதை முளைக்கவில்லையா? கேள்வி பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் மாடித்தோட்டக்காரர்கள் அனுப்பிய கேள்விகளில், வீட்டுக்குள் மிளகாய் நாற்று விடுவது பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். நாற்றுப்பண்ணை வைத்திருப்பதால் எனக்குக் கத்தரி, தக்காளியும் தெரியும். ஆனால் இன்றைக்கு மிளகாய்தான்.

ஏற்காடு, நாகலூர்: அக்கா, மார்கழியில் விதை போட்டேன். மூன்று வாரமாகியும் ஒன்றுமே மேலே வரவில்லை. விதைதான் மோசமா?

விதையைத் திட்டாதீர்கள். ஏற்காடு மலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி ராத்திரியில் அங்கே போர்வையை விட்டுக் கையை வெளியே நீட்ட முடியாது. மிளகாய்க்கு முளைக்க 25 முதல் 30 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டிவிடும். 15 டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாக முளைக்காது. குளிரோடு ஈரமும் சேர்ந்தால் அழுகும்.

முதலில் ஒரு விதையைத் தோண்டி எடுத்து இரண்டு நகத்துக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, சூடு கொடுத்தால் வரும். பிதுங்கித் தண்ணீர் வந்தால் அது முடிந்த கதை.

சூட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். பழக்கடையில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி, உள்ளே பழைய மாதிரி இழை உள்ள 15 வாட் குண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர் போதும். பல்பு பெட்டியின் சுவரைத் தொடக்கூடாது. விதையை ஈர டிஷ்யூ தாளில் மடித்து, மூடி போட்ட டிபன் டப்பாவில் வைத்துப் பெட்டிக்குள் விடுங்கள். செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் மேலே வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தண்ணீர் சிந்துகிற எதையும் கரண்ட் சாமான் மேலே வைக்காதீர்கள்.

வெள்ளை வேர் அரிசி நீளம் வந்ததும் எடுத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழித்தட்டில் வையுங்கள். முளைக்கும் வரைக்கும் சூடுதான் முக்கியம், வெளிச்சம் தேவையில்லை. மண்ணுக்கு மேலே வந்த அன்றைக்கே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் இருட்டில் விட்டாலும் நூலாக நீண்டுவிடும். இன்னொன்று: குழித்தட்டில் நிரப்புகிற கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

அஸ்தம்பட்டி: ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் நாற்று ஒல்லியாக வளர்ந்து சாய்கிறது. உரம் போடட்டுமா?

போடாதீர்கள், இன்னும் நீளும். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிற ஜன்னல் செடிக்குப் போதாது. 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டை நாற்றின் தலைக்கு மேல் அரைச் சாண் உயரத்தில் கட்டி, தினமும் 14 மணி நேரம் எரிய விடுங்கள். செடி வளர வளர லைட்டை ஏற்றுங்கள். ஏற்கெனவே நீண்டதைப் பெரிய கப்புக்கு மாற்றும்போது முதல் இரண்டு இலை வரைக்கும் தண்டைப் புதைத்து வைக்கலாம்.

சூரமங்கலம்: சந்தையில் வாங்கிய பச்சை மிளகாய் விதை முளைக்குமா?

முற்றாத காயில் விதையும் முற்றியிருக்காது. செடியிலேயே சிவந்து பழுத்த பழத்திலிருந்து எடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: மளிகைக் கடை வரமிளகாய் விதை?

முளைக்கும். விவசாயிகளே பழுத்துக் காய்ந்த வற்றலிலிருந்துதான் காலங்காலமாக விதை எடுக்கிறார்கள். எவ்வளவு நாள் மூட்டையில் கிடந்தது என்பதுதான் விஷயம். இரண்டு மூன்று வருடம் தாண்டினால் முளைப்பு சரியும். 20 விதையை டிஷ்யூவில் போட்டுப் பாருங்கள். பாதி கூட வராவிட்டால் மீதியைத் தாளிப்பில் போட்டுவிடுங்கள். ராமநாதபுரம் முண்டு மாதிரி நாட்டு ரகமாக இருந்தால் தாய் மாதிரியே காய்க்கும். (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய குண்டு மிளகாய் அதுதான்.) ஹைபிரிட் வற்றல் என்றால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வரும். புலம்பக்கூடாது.

ஃபேர்லேண்ட்ஸ்: நேற்று வரைக்கும் நன்றாக இருந்த நாற்று காலையில் படுத்துக்கிடக்கிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது.

மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டைப் பாருங்கள். நீர் கோத்து, நூல் மாதிரி சுருங்கியிருக்கும். நாற்றழுகல். பித்தியம் என்கிற பூஞ்சை மாதிரிக் கிருமி. விழுந்தது எழாது, மண்ணோடு அள்ளிப் போடுங்கள். மீதியைக் காப்பாற்ற, மேல்மண் காயும் வரை தண்ணீரை நிறுத்தி, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்கிற பூஞ்சைக்கொல்லி, லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம். அடுத்த முறை விதையில் டிரைகோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைத் தடவிப் போடுங்கள், கிலோவுக்கு 4 கிராம் கணக்கு. வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை. தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டுக்கு அடியில் வைத்து உறிஞ்ச விட்டால் பாதி நோய் வராது.

அம்மாப்பேட்டை, பெரியவர் ஒருவர்: எங்க ஆத்தா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சொத்தை மிளகாயை வீசும். செடி தன்னால் வந்து வருஷம் பூரா காய்த்தது. பல்பும் டப்பாவும் எதற்கம்மா? சேலத்து வெயிலுக்கு இது வேண்டாத வேலை.

அய்யா, பாதி ஒப்புக்கொள்கிறேன். சேலத்தில் ஆடிப்பட்டத்துக்கு விதைப்பவர்களுக்குப் பல்பு வேண்டவே வேண்டாம். அது மலைக்காரர்களுக்குச் சொன்னது. ஆனால் ஆத்தா வீசிய பழத்தில் விதை ஐம்பதுக்கு மேல் இருந்திருக்கும். வந்தது ஒரு செடி. மற்றதை எறும்பும் கோழியும் தின்றதை யார் கணக்கு வைத்தார்கள்? நான்கு விதை 20 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர் அப்படி வீச முடியுமா?

அதே பெரியவர்: அப்போது இலைச் சுருட்டை கூடக் கிடையாது.

இருந்தது அய்யா. "சுருட்டை விழுந்துருச்சு" என்று பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். சுருட்டையிலும் வகை உண்டு. இலை ஓரம் மேல்பக்கமாகக் கிண்ணம் போல் மடங்கினால் இலைப்பேன், கீழ்ப்பக்கம் மடங்கினால் சிலந்திப்பேன். இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. நாற்று வயதில் வெள்ளை ஈ கடித்துவிட்டால் அந்தச் செடியிடம் காய் எதிர்பார்க்க முடியாது. சேலத்தில் நாற்றை வீட்டுக்குள்ளேயோ 50 மெஷ் என்கிற பொடிக்கண் நைலான் வலைக்குள்ளேயோ வைக்கச் சொல்வது குளிருக்காக இல்லை, இதற்காகத்தான்.

கொண்டலாம்பட்டி: அய்யா சொல்வதில் நியாயம் இருக்கிறது. காந்தாரி மிளகாயை யார் நட்டார்கள்? பறவைதானே?

சரிதான். பறவைக்குக் காரம் உறைக்காது, விதையும் அதன் வயிற்றில் அரைபடாமல் வெளியே வரும். அதற்காகத் தொட்டிச் செடிக்குக் காக்காயை நம்ப முடியுமா?

மறுபடியும் பெரியவர்: காக்காய் சம்பளம் கேட்காது.

கேட்காது. நாற்றையும் பிடுங்கிப் போடும். இந்தச் சண்டையை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், பாக்கிப் பேர் காத்திருக்கிறார்கள்.

ஆத்தூர்: விதையை மோரில் ஊறவைப்பதா, பாலிலா, டீ டிகாஷனிலா?

ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில். மோரைக் குடியுங்கள்.

ஓமலூர்: இலை ஓரம் பழுப்பாகக் கருகுகிறது. உரமே போடவில்லை.

கோகோபீட்டை அலசினீர்களா? அலசியிருக்க மாட்டீர்கள். கட்டியை உடைத்து வாளியில் ஊறவைத்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும், அதில்தான் உப்பு. நிறம் வெளுக்கும் வரை மாற்றி மாற்றிப் பிழியுங்கள். அப்புறம் மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். கோகோபீட்டில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது.

தாரமங்கலம்: கடையில் வாங்கிய பச்சை மிளகாய்...

மேலே சூரமங்கலத்துக்குச் சொன்னதுதான்.

ஜாகீர் அம்மாபாளையம்: மோர் மிளகாய் விதை முளைக்குமா?

உப்பில் ஊறியதையா? முளைக்காது. சாப்பிடுங்கள்.

ஏற்காடு, எஸ்டேட்டிலிருந்து: மிளகுக் கொடியையும் இப்படி விதையில் கொண்டுவரலாமா?

அது என் துறை இல்லை. மிளகு பொதுவாக ஓடுதண்டு வெட்டி வைத்துத்தான் கிளம்பும் என்பது வரை தெரியும். உங்கள் ஊரிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

மேட்டூர்: நாற்று எப்போது வெளியே போகலாம்?

ஆறேழு இலை, 35 முதல் 40 நாள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளையாகிவிடும். காலை வெயிலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்குங்கள். நடவு சாயங்காலம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவாமல் நாற்றைத் தொடாதீர்கள். புகையிலைத் தேமல் வைரஸ் விரலோடு வரும். கோகோபீட்... சரி, சொல்லிவிட்டேன்.

அழகாபுரம்: அக்கா, பூட் ஜோலோகியா என்கிற கடுங்கார மிளகாய்ப் பழத்தை வெட்டி விதை எடுத்தேன், கை எரிகிறது. தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பில் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள், குழந்தையை வேறு யாராவது தூக்கட்டும். அடுத்த தடவை கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த ரகம் முளைக்க ஒரு மாதம் கூட ஆகும், பாதியில் கொட்டிவிடாதீர்கள்.