9 வயதில் 43 கிலோ: டயட் சார்ட் யாருக்கு வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. உயரம் 132 செ.மீ., எடை 43 கிலோ. நானும் கணவரும் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறோம். பள்ளி விட்டு வந்தால் என் மாமியார்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். "வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார். மகனின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக இருக்கிறது. கடலை மாவு, எலுமிச்சை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. தைராய்டு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? அவனுக்கு ஒரு டயட் சார்ட் தர முடியுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள், அம்மா. அது அழுக்கு இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கணையம் அதை அளவுக்கு மேல் சுரக்கும். அப்போது கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி போலக் கறுத்துவிடும். 'அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ்' என்று பெயர். தேய்த்தால் தோல் புண்ணாகுமே தவிர நிறம் மாறாது. எடை கட்டுக்குள் வந்தால் மெல்ல வெளுக்கும்.

உங்கள் மகனின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் அளவு) 24.7. இந்த வயதுப் பையனுக்கு 21-ஐத் தாண்டினாலே உடல் பருமன்தான். இந்த உயரத்துக்கு 28 கிலோ சுமாராகப் போதும். தைராய்டாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். தைராய்டு குறைந்த பிள்ளைகளுக்கு உயரம் நின்றுபோகும். இவன் வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறான். போன வருடம் எடுத்த பேன்ட் இந்த வருடம் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தால், அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைகள் இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். எடை இதே 43 கிலோவில் நின்றால், இரண்டு வருடத்தில் உயரம் 143-ஐத் தொடும்போது பி.எம்.ஐ. 21-க்கு இறங்கிவிடும். 11 வயதுக்கு அது பருமன் கோட்டுக்குக் கீழேதான். ஆகவே, அவனைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க வேண்டியதில்லை. ஏறாமல் பிடித்து நிறுத்தினால் போதும். ஆனால் அது தானாக நிற்காது. அதுதான் மீதிப் பாதி.

டயட் சார்ட் தர மாட்டேன். 'மகனுக்கு மட்டும்' என்று பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, அவன் எதிரிலேயே அப்பா முட்டை பப்ஸ் சாப்பிட்டால் அது தண்டனை, வைத்தியம் இல்லை. 9 வயதுப் பையன் மளிகைக் கடைக்குப் போய் சாமான் வாங்குவதில்லை. வீட்டுக்குள் என்ன வருகிறது என்பது உங்கள் இருவர் கையில் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டும் சிப்ஸும் அலமாரியில் இருந்தால் அவன் எடுக்கத்தான் செய்வான், நாமும் எடுப்போம். கூல்டிரிங்க் 250 மில்லியில் சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். பாலில் கலக்கும் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளவை உண்டு. இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024-இல் மத்திய அரசே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. வெறும் பால் கொடுங்கள்.

உங்கள் வீட்டில் சிக்கலான நேரம், பள்ளி விட்டதிலிருந்து நீங்கள் வீடு திரும்பும் வரை. பாட்டி, பேரன், செல்போன், நடுவில் ஒரு பாக்கெட். பாட்டியின் கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். கொடுக்க வேறு எதையாவது காலையிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்: சுண்டல், வேக வைத்த நிலக்கடலை, கொய்யா, மோர். செல்போன் பார்த்தபடி சாப்பிட்டால் வயிறு நிறைந்ததே தெரியாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம், பெரியவர்களுக்கும்தான். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவனிடம் விடுங்கள். "தட்டைக் காலி பண்ணு" என்று மிரட்டவும் வேண்டாம், "போதும் எழுந்திரு" என்று விரட்டவும் வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவில் பரோட்டா பார்சல் வருமே, அது அவ்வப்போது வந்துவிட்டுப் போகட்டும். ஆளுக்கு ஒன்று, எல்லாரும் சேர்ந்து.

'குண்டு', 'தடியா' என்று செல்லமாகக்கூட யாரும் கூப்பிடக் கூடாது. விருந்தாளி சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். கேலிக்கு ஆளான பிள்ளை ஒளித்து வைத்துச் சாப்பிடும்.

அப்புறம், தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். ஒரே மூச்சில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டியூஷன் அதைத் தின்றுவிட்டால், டியூஷனைக் குறையுங்கள். இந்த வயதில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். நீங்கள் வேலை முடிந்து வந்து இரவு 10 மணிக்குத்தான் அவன் சாப்பிடுகிறான் என்றால், பாட்டியை 7.30-க்கே போடச் சொல்லுங்கள்.

இந்த மாதத்திலேயே ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, கல்லீரலுக்கான எஸ்ஜிபிடி ஆகியவற்றைப் பாருங்கள். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பது, அடங்காத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், இடுப்பிலோ முழங்காலிலோ வலி வந்து நொண்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய இடுப்பளவு 90 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, உங்களுடையது 80-ஐத் தாண்டியிருந்தாலோ, அன்றைக்கே நீங்களும் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.