மேல் காந்தாரத்தில் உடையும் குரல்

அன்புள்ள ஐயா,

குரல் பயிற்சி குறித்து நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் மேடைப் பாடகன் அல்ல. ஆனாலும் தினமும் பாடுகிறேன். ஒரு கட்டை சுருதியில் (ஆர்மோனியத்தின் C) மேல் ஷட்ஜம், அதாவது மேல் ‘ச’ வரை குரல் திடமாக நிற்கிறது. ரிஷபத்தை (ரி) தாண்டிக் காந்தாரத்தை (க) தொடும்போது கழுத்து இறுகிக் கத்தலாகிவிடுகிறது. இறுக்கத்தைத் தளர்த்தினால் சட்டென்று உடைந்து, வேறு யாரோ பாடுவதுபோல மெலிந்துவிடுகிறது. செஸ்ட் வாய்ஸையும் ஃபால்ஸ் வாய்ஸையும் கலந்து ‘மிக்ஸ் வாய்ஸ்’ என்ற ஒன்றை உருவாக்கிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும் என்கிறார்கள். நெடுநாளாக முயல்கிறேன், அந்த மூன்றாவது குரல் எனக்கு அகப்படவில்லை. அது பிறவியிலேயே அமைய வேண்டிய ஒன்றா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பிறவியில் அமைய வேண்டியது அல்ல, பழகினால் பெரும்பாலோருக்கு வரக்கூடியதுதான். நீங்கள் அதை மூன்றாவது குரலாக எண்ணித் தேடுவதால்தான் அகப்படவில்லை என்று நினைக்கிறேன். பாட்டுக்குப் பயன்படும் அளவில் குரல்வளை இயங்கும் முறைகள் முக்கியமாக இரண்டு. ஒன்றில் குரல்நாண்கள் தடித்து, தம் முழுக் கனத்தோடு அதிர்ந்து, ஒவ்வோர் அதிர்விலும் நெடுநேரம் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். நாம் பேசுவதும் நீங்கள் மேல் ஷட்ஜம் வரை பாடுவதும் இந்த முறையில்தான். செஸ்ட் வாய்ஸ் என்பது இதுவே. மற்றொன்றில் நாண்கள் நீண்டு மெலிந்து, விளிம்பு மட்டுமே அதிர, தொடுகை மிகக் குறைவாக இருக்கும். நீங்கள் ஃபால்ஸ் வாய்ஸ் என்று குறிப்பிடுவது அது. நாணுக்குள்ளேயே ஓடும் தசை முதலாவதற்குக் கனம் கொடுக்கிறது. குரல்வளையின் முன்புறத்தில் உள்ள தசை குருத்தெலும்பைச் சாய்த்து நாண்களை இழுத்து நீட்டி இரண்டாவதற்கு வழிசெய்கிறது. சுருதி ஏற ஏற முதல் தசை பிடியை விட்டுக்கொடுக்க, இரண்டாவது தசை வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கைமாற்றம் ஒரே நொடியில் நடந்தால் குரல் உடைகிறது, நடக்கவே விடாமல் தடுத்தால் கத்தலாகிறது. உங்கள் காந்தாரத்தில் நிகழும் இரண்டும் இவைதான்.

பாடும்போது குரல்நாண்கள் எப்படி இயங்குகின்றன என்பதை மானுவல் கார்சியா என்ற பாட்டாசிரியர் 1854இல் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் நுழைத்துப் பார்த்தார். மறு ஆண்டு அதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அளித்தார். மருத்துவர்கள் குரல்வளையைச் சோதிக்கும் முறை வளர்ந்ததில் ஒரு பாட்டு வாத்தியாரின் ஆர்வத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பிற்காலத்தில், கழுத்தின் இருபுறமும் மின்முனைகளை வைத்து நாண்கள் தொட்டுப் பிரிவதை அளக்கும் முறை வந்தது. தேர்ந்த பாடகர்கள் கலப்புக் குரலில் பாடுவதை அப்படி அளந்த ஆய்வுகளில், அவர்கள் இவ்விரு முறைகளில் ஏதோ ஒன்றில்தான் பாடுகிறார்கள் என்று தெரியவந்தது. கனத்த குரலின் பாரத்தைக் குறைத்தும் மெல்லிய குரலுக்கு உறுதி ஏற்றியும், வாயறையின் வடிவைச் சற்றே மாற்றியும், ஒன்று மற்றொன்றைப்போல ஒலிக்குமாறு செய்துவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் வளர்க்க வேண்டியவை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு குரல்களையும்தான்.

காந்தாரத்தில் ஏன் சரியாக இது நிகழ்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கட்டையில் உங்கள் மேல் ஷட்ஜம் ஏறத்தாழ 262 ஹெர்ட்ஸ், அந்தர காந்தாரம் 330, சுத்த மத்தியமம் 349. ஆண், பெண் இருவருக்குமே கனத்த குரல் கைமாறத் தொடங்கும் பகுதி பெரும்பாலும் 300 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் அமைகிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு இதே பகுதி மத்திய ஸ்தாயியின் பஞ்சமத்துக்கு மேல், தைவத நிஷாதங்களில் வந்துவிடும் என்பதால், அவர் பாட்டின் நடுப்பகுதியிலேயே இதைக் கடந்தாக வேண்டும். உங்களுக்கு உச்சத்தில் மட்டுமே வருகிறது.

இன்னொன்றும் அங்கே வந்து சேர்கிறது. ஆகாரத்தில் வாயைத் திறக்கும்போது ஆண்களின் வாயறை மிகுதியாக எதிரொலிக்கும் முதல் அதிர்வெண் 700 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். 330, 349 ஹெர்ட்ஸ் சுருதிகளின் இரண்டாம் மடங்கு அதற்கு மிக அருகில் விழுவதால் குரல் திடீரென்று வீங்கி முழங்குகிறது; கேட்க வலுவாக இருப்பதால் பாடுபவர் அதைப் பிடித்துக்கொண்டு, வாயை மேலும் அகலத் திறந்து, குரல்வளையையும் மேலே தூக்கிவிடுகிறார். தொலைவில் செல்பவரை உரக்கக் கூப்பிடும்போது நாம் செய்வதும் இதுவே. ஈகாரத்திலும் ஊகாரத்திலும் அந்த அதிர்வெண் 300ஐ ஒட்டியே இருப்பதால் இந்த முழக்கம் எழுவதில்லை. எனவே மேல் ரிஷபம் தாண்டும்போது ஆகாரத்தை ஓகாரத்தின் பக்கமாகச் சிறிது குவித்துப் பாருங்கள். கேட்பவருக்கு அது ஆகாரமாகவே ஒலிக்கும். உங்கள் கழுத்துக்கு வேறுபாடு உடனே தெரியும்.

இனிப் பயிற்சி. எல்லோரும் கீழிருந்து மேலே ஏறித்தான் முயல்கிறார்கள். நான் மேலிருந்து கீழே இறங்கச் சொல்வேன். மேல் பஞ்சமத்தை, வெட்கப்படாமல், மெல்லிய குரலில் ஊகாரத்தில் பிடியுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக மத்திய ஸ்தாயி பஞ்சமம் வரை இறங்குங்கள். எங்கும் கனத்த குரலுக்குத் தாவிவிடாதீர்கள். மேல் ஷட்ஜத்துக்குக் கீழே வரும்போது குரல் காற்றாகக் கரைவதுபோல் தோன்றும், பழைய வலுவை எடுத்துக்கொள்ளக் கை துறுதுறுக்கும். அதற்கு இணங்காமல் சில வாரம் பழகினால், அந்தக் காற்று குறைந்து மெல்லிய குரலுக்கு ஒரு விளிம்பு உண்டாவதைக் கேட்பீர்கள்.

அது வந்தபின் ஏற்றத்துக்குத் திரும்பலாம். ‘அங்கே’ என்று சொல்லி நடுவிலுள்ள ‘ங்’கில் நில்லுங்கள், நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொட்டிருக்கும், ஒலி மூக்கின் வழியே வரும். அந்த ‘ங்’கிலேயே மத்திய பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை ஸ்வரங்களைப் பிரிக்காமல் வழுக்கிச் சென்று திரும்புங்கள். ஒரு விரலைக் குரல்வளை மேட்டின் மீது லேசாக வைத்திருங்கள். காந்தாரத்துக்கு முன்பே அது தாடையை நோக்கி ஏறத் தொடங்கினால் நீங்கள் பாரத்தைச் சுமந்து செல்கிறீர்கள் என்று பொருள். நிறுத்தி, இன்னும் சன்னமாகத் தொடங்குங்கள். பாரத்தை இறக்க வேண்டிய இடம் காந்தாரம் அல்ல, அதற்கு நான்கைந்து ஸ்வரம் கீழே, தைவதத்திலேயே. உடையும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிப் பழகுவதில் பயனில்லை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மெல்லிய உறிஞ்சுகுழலை உதடுகளுக்கிடையே பொருத்தி அதன் வழியே பாடுவதும் நல்ல பயிற்சி. குரல் அறிவியலாளர் இங்கோ டிட்ஸே இதைப் பரவலாக்கினார். குழல் காற்றை எதிர்ப்பதால் நாண்களுக்கு மேலேயும் அழுத்தம் உண்டாகி, அவை கடுமையாக மோதிக்கொள்ளாமல் அதிர்கின்றன. குரல் எழுப்பும்போது காற்று மூக்கு வழியே தப்பக் கூடாது, அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. உதடுகளைப் படபடக்கவிட்டுப் பாடுவதும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும்.

சரியாக அமையும் முதல் நாட்களில் உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தன் குரலை எலும்பின் வழியாகவும் கேட்பதால், கனத்த குரலின் அதிர்வு பாடுபவருக்கு மிகையாகத் தெரிகிறது. அது குறைந்தவுடன் குரலே போய்விட்டதாக மனம் பதறுகிறது. பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பதிவுசெய்து, ஒரு நாள் கழித்துக் கேளுங்கள். உங்களுக்கு நோஞ்சலாகத் தோன்றிய காந்தாரம், பதிவில் மற்ற ஸ்வரங்களோடு ஒரே வரிசையில் நிற்பதைக் காண்பீர்கள். வலு பிறகு வரும்: காந்தாரத்தை மிகச் சன்னமாகத் தொடங்கி, உடையாமல் மெல்லப் பெருக்கி, மீண்டும் சன்னமாக்கி முடிப்பதே அதற்கான பயிற்சி. இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, ஆகவே கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றை அழுத்தித் தள்ளினால் மேல் ஸ்தாயி வரும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மெலிந்த நாண்களுக்குக் குறைந்த காற்றே போதும். அழுத்தம் மிகுந்தால் அவை தடித்துத் தற்காத்துக்கொள்ளும். ஒரே மூச்சில் நெடுநேரம் பழகுவதைவிடக் காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் பழகுவது மேல். பயிற்சிக்குப் பின் பேச்சுக் குரல் கரகரத்தால் அன்று நிறுத்திவிடுங்கள். கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பாடல்களுக்கு வரும்போது, மேல் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு உடனே இறங்கும் பாடல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நின்று நீட்டுபவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அந்த வரியை முதலில் சாகித்யம் இல்லாமல் ‘ங்’கிலும், பிறகு ஊகாரத்திலும், அதன்பின் சொற்களோடும் பாடுங்கள். சில மாதம் கழித்து ஒரு பதிவை எனக்கு அனுப்பினால், கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்