காலை 11 மணி

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நான் பணி ஓய்வு பெற்று 14 மாதம் ஆகிறது. 33 வருடம் கணக்குப் பிரிவில் வேலை, அதில் கடைசி எட்டு வருடம் பிரிவுத் தலைவர். ஓய்வுக்குப் பிறகு உடம்பை விட்டுவிடக் கூடாது என்று முன்கூட்டியே திட்டம் போட்டு, அதன்படியே நடந்தும் வருகிறேன். காலையில் 10,000 அடி நடை. கைக்கடிகாரம் எண்ணிச் சொல்லிவிடும். பிறகு மூச்சுப்பயிற்சி, சுடோகு, 20 பக்கம் வாசிப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் கட்டுக்குள் இருக்கின்றன.

இவ்வளவும் 11 மணிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் இரண்டு மாதம் அலுவலகத்திலிருந்து ஏதாவது சந்தேகம் கேட்டு அழைப்பார்கள். இப்போது அதுவும் நின்றுவிட்டது. நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் காலை வணக்கம் மட்டும் வருகிறது. பிள்ளைகள் இருவரும் தொலைவில். வீட்டையே ஆபீஸ் ஆக்கிவிட்டேன் என்கிறார் மனைவி. போன வாரம் பாத்திரம் அடுக்குவது பற்றி ஒரு யோசனை சொன்னேன், அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. பணக்கஷ்டம் இல்லை, நோய் இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. பொழுதுபோக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வேலையைத் தவிர எனக்கு எதிலும் ஆர்வம் இருந்ததில்லை. நான் என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பாத்திரம் அடுக்கும் இடம் வந்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவன். ஓய்வுபெற்ற இரண்டாவது மாதம், கொடியில் எந்தத் துணியை எங்கே போட்டால் சீக்கிரம் காயும் என்று என் மனைவிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வாளியை என் கையில் கொடுத்தார். ஒன்பது வருடமாகத் துணி காயப்போடுவது என் வேலை.

உங்கள் மனைவி இருக்கும் இடத்திலிருந்து இந்த 11 மணியை ஒருமுறை பாருங்கள். நீங்கள் அலுவலகம் போய்வந்த வருடங்களில் பகல் நேரம் அவருடையது. அதில் அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்திருக்கும். கொஞ்சம் பாட்டு, யாருடனாவது போன், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. இப்போது அங்கே ஒரு மேற்பார்வையாளர் வந்து அமர்ந்திருக்கிறார். ஓய்வு உங்களுக்குத்தான் கிடைத்தது, அவருக்கு வேலை கூடியிருக்கிறது. அந்தப் பகலில் மூன்று மணி நேரத்தையாவது அவரிடம் திருப்பிக் கொடுங்கள். நான் கீழே சொல்லப்போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அலுவலகத்தில் 11 மணிக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப்பாருங்கள். உங்கள் மேசைக்கு முன்னால் யாராவது ஒருவர் காகிதத்தோடு நிற்பார். “சார், இந்தக் கணக்கு இடிக்குது” என்பார். உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் விடுப்பு எடுத்தால் நாலு பேருக்கு வேலை நிற்கும். 33 வருடம் அதைத் தொந்தரவு என்று நினைத்தீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நீங்கள் செய்யும் நடை, சுடோகு, வாசிப்பு எல்லாவற்றையும் நாளைக்குச் செய்யாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கைக்கடிகாரத்துக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குக் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் வரவில்லையே என்று கேட்க ஆளில்லை.

இதைப் பொழுதுபோக்கால் ஈடுகட்ட முடியாது. ஆர்வம் உள்ளவர்களுக்குப் பொழுதுபோக்கு நல்ல விஷயம், நான் குறைசொல்லவில்லை. ஆனால் அது ஒரு சிக்கலைத் தீர்க்கும், நீங்கள் எழுதியிருப்பது வேறு சிக்கல்.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு உண்டு. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்று பேசினார்கள். ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, இதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் அதை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள், எல்லாவற்றையும் நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முதல் தளத்தில் இருந்தவர்கள் அதிக உற்சாகத்தோடும் விழிப்போடும் இருந்தார்கள். சின்ன ஆய்வு. பின்னால் அதே இல்லத்தின் மரண எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லப்பட்டதில் கணக்குப் பிழை இருந்து திருத்த வேண்டிவந்தது. ஆகவே இதன்மேல் பெரிய கோட்டை கட்டமாட்டேன். ஆனால் “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் சும்மா இருங்கள்” என்ற அன்பான வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாம் தளம் ஞாபகம் வரும். உங்கள் பிள்ளைகளும் அதைச் சொல்லியிருப்பார்கள்.

ஓய்வூதியம் தொடங்கிய கதையும் கொஞ்சம் வேடிக்கையானது. ஜெர்மனியில் அன்றைய ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் 1889இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது வயது வரம்பு 70. அதை 65 ஆகக் குறைத்தது 1916இல். உழைத்து ஓய்ந்தவருக்குக் கடைசிச் சில வருடத்துக்கான ஏற்பாடாகத்தான் அது இருந்தது. இன்று 60 வயதைத் தொட்டவருக்கு உலகச் சராசரியில் இன்னும் 20 வருடத்துக்கு மேல் ஆயுள் இருக்கிறது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் பாதிக்கு மேல்! அதை சுடோகு போட்டுக் கழிக்க முடியாது.

உடம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள், ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முதலில் அந்த 10,000 அடி. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கு இறப்பு வீதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்களுக்கு நடக்கப் பிடித்திருந்தால் நடங்கள். ஒருநாள் 6,000த்தில் நின்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

விட்டுப்போனது தசை. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடையில் இருக்கும் வலுவைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதுக்கு மேல், விழாமல் இருக்க உதவும் பயிற்சிகளையும் சேர்த்து மூன்று நாள். என் 64ஆவது வயதில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டச்சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறேன் என்று எண்ணினார். தினமும் நடக்கிற ஆள்தானே என்ற மிதப்பில் ஆரம்பித்தேன். ஏழாவது தடவையிலேயே கை தானாக நாற்காலியின் கைப்பிடியைத் தேடியது. 11தான் முடிந்தது. அந்த வயது ஆணுக்கு 14க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே. இன்று சாயங்காலம் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு நீங்களும் பாருங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். குறைவாக வந்தால் கவலைப்பட வேண்டாம், திரும்பப் பெறக்கூடியதுதான். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த சுமார் 90 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எடை வைத்துக் கால்பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களுடைய கால்வலு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. காது.

எனக்குச் சொல்லவே வெட்கமான விஷயம் இது. நாலு வருடத்துக்கு முன் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். மின்விசிறிச் சத்தம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சு. எனக்கு அதற்குள் பாதிதான் கேட்க ஆரம்பித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பது, தலையாட்டினால் தலையாட்டுவது என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கம் இருந்த நண்பர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். முகம் லேசாகச் சுளிந்திருந்தது, நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தேன். அவர் சொன்னது, தன் அண்ணன் ஐசியூவில் இருப்பதை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் பெருந்தன்மையானவர், மறுநாள் நான் விளக்கியதும் விட்டுவிட்டார். ஆனால் அதற்கு முன் ஒன்றரை வருடமாகவே நான் கூட்டங்களைத் தவிர்க்க ஆரம்பித்திருந்தேன் என்பது அன்றிரவு யோசித்தபோதுதான் புரிந்தது. எனக்குத் தனிமை பிடிக்கிறது, வயதாக ஆக மனசு அடங்குகிறது என்றெல்லாம் அதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தேன். அடங்கியது காது!

மறதி நோயைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் சொன்னதைக் கவனியுங்கள். நாம் மாற்றக்கூடிய 14 காரணிகள் இருக்கின்றன, அவற்றையெல்லாம் கவனித்தால் உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்றது அந்தக் குழு. அந்தப் பட்டியலில் காது கேளாமை, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு, யாரோடும் பழகாமல் இருப்பது மூன்றும் இருக்கின்றன. காதுக்கருவி மாட்டினால் மறதி வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கேட்கும். எனக்கு அதுவே போதும். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் சண்டை வருகிறதென்றால் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

நண்பர்களைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. வாட்ஸாப் குழுவில் இருக்கும் முப்பது பேரும் வேண்டியதில்லை. வயதாகும்போது வட்டத்தைச் சுருக்கி நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்வது மனிதர்களுக்கு இயல்பு, அதில் தவறும் இல்லை. அதில் இரண்டு பேருக்கு வாரம் ஒருமுறை நீங்களே போன் போடுங்கள், அவர்கள் போட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வில், 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை 50 வயதில் இருந்த கொலஸ்ட்ராலைவிட, அந்த வயதில் இருந்த உறவுகளின் திருப்தி நன்றாகக் காட்டியது. அதே ஆய்வில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், ஓயாமல் வாய்ச்சண்டை போட்ட தம்பதிகளைப் பற்றியது. ஆபத்தென்றால் இவர் நிற்பார் என்ற நம்பிக்கை இருந்தவரை அந்தச் சண்டைகள் அவர்கள் ஞாபகசக்தியைப் பாதிக்கவில்லை. ஆகவே பாத்திரச் சண்டையைப் பெரிதாக்க வேண்டாம்.

இனி, என்ன செய்யலாம் என்ற கேள்வி. கணக்குத் தெரிந்தவர் நீங்கள். எந்தச் சங்கத்திலும் தலைவராக நாலு பேர் போட்டி போடுவார்கள், பொருளாளராக ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கணவர் இறந்தபிறகு வங்கிக் காகிதங்களை வைத்துக்கொண்டு முழிக்கும் ஒரு பெண்மணி உங்களுக்குத் தெரிந்த வட்டத்திலேயே இருப்பார். இரவுப்பள்ளி, நூலகம், ஏதாவது அறக்கட்டளை, எங்கேயும் வரவுசெலவு எழுத ஆள் தேவை. இரண்டே நிபந்தனை. கிழமையும் நேரமும் குறித்த வேலையாக இருக்க வேண்டும். நீங்கள் போகாவிட்டால் ஒருவருக்காவது சிரமம் வர வேண்டும்.

இன்னொன்று, கடைநிலையில் சேருங்கள். என் நண்பர் ஒருவர், பெரிய பதவியில் இருந்தவர், புத்தகம் அடுக்கும் தன்னார்வலராக ஒரு நூலகத்தில் சேர்ந்தார். மூன்றாவது வாரமே நூலகத்தைச் சீரமைக்க ஐந்து பக்க அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அறிக்கையை நானும் படித்தேன், நல்ல அறிக்கைதான்.

இதற்கிடையே மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், தூக்கமோ பசியோ கெட்டால், மருத்துவரிடம் போய்விடுங்கள். வயதானால் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் தேர்வு எழுதித்தருகிறேன். அவர் சொல்லச்சொல்ல நான் எழுத வேண்டும், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியும். ஒரு வாக்கியத்தை நான் கொஞ்சம் அழகுபடுத்திவிட்டேன் என்று சந்தேகம் வந்தால் உடனே திரும்பப் படிக்கச்சொல்வார். “கமா போட்டீங்களா சார்?” என்பார். தேர்வில்லாத வாரங்களில் வெள்ளிக்கிழமை 11 மணிக்குப் பாடம் வாசித்துக் காட்டுவது. போன மாதம் காய்ச்சலில் போகவில்லை, சொல்லவும் மறந்துவிட்டேன். 11 மணி 10 நிமிடத்துக்குப் போன் வந்தது.

இன்று வெள்ளி. துணி இன்னும் வாளியிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நாற்காலிக் கணக்கு எத்தனை வந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.